வயரில் கை வைத்தவன்

இரத்தினசிங்கத்தின் கராஜுக்கு அந்தப் பழைய பிக்கப் மூன்றாவது தடவையாக வந்து நின்றபோது அதன் பின்பலகை பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. விடியப்புறம் சீனன்குடாவுக்குக் கிட்ட மாடொன்று றோட்டுக்குக் குறுக்கே வந்திருக்கிறது. சாரதி ஹிஸ்புல்லா பிரேக்கை மிதித்திருக்கிறான். ஆனால் பின்னுக்குச் சிவப்பு லைட் எரியவில்லை. பின்னால் வந்த லொறிக்காரன் என்னத்தைக் கண்டான்? நேரே வந்து முட்டிவிட்டான். நல்லகாலம், ஆருக்கும் காயமில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர் அலியார் முதலாளி. கிண்ணியாவில் மரம் விற்கிற மரக்காலை வைத்திருப்பவர். செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்.

"ரெண்டு தரம் பாத்துத் தந்தீங்க பாஸ். ரெண்டு தரமும் சரி எண்டுதான் சொன்னீங்க. இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

கராஜ் வாசலில் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஆட்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் அப்படிக் கேட்டதுதான் இரத்தினசிங்கத்துக்குச் சுட்டது. வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் பதினைந்து வருடம் வயர் வேலை பார்த்தவர் அவர். நாலு வருடத்துக்கு முன், ஐம்பத்தேழில், வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனபிறகுதான் துறைமுக வீதியில் இந்தக் கராஜைத் திறந்தார். 'கப்பலுக்கே லைட் போட்ட ஆள்' என்று ஊரில் சொல்லுவார்கள். அந்தப் பேரில் ஒரு கீறல் விழவும் அவர் விட்டதில்லை.

அன்றைக்கு அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையைத் துடைத்தபடி நின்ற இடத்திலேயே சொன்னார்.

"நான் செய்த வேலை இப்பிடி விட்டுப்போகாது முதலாளி. நான் முடிச்சு அனுப்பின பிறகு ஆரோ வயரில கை வைச்சிருக்கினம்."

அலியார் மெதுவாக ஹிஸ்புல்லாவின் பக்கம் திரும்பினார். "வண்டி எந்த நேரமும் இவன்ட கையிலதானே இருக்கு."

"அல்லாஹ் அறிய நான் ஒண்டையும் தொடல்ல முதலாளி," என்றான் ஹிஸ்புல்லா. "பாஸுக்கிட்ட நான் முதலே சொன்னன்தானே. பின்பலகைச் சங்கிலியக் கொளுவியிருந்தா லைட் எரியுது. நீட்டுக் கம்பு ஏத்தக்குள்ள சங்கிலியக் கழட்டினா எரியிதில்ல. இண்டைக்கும் கழட்டித்தான் இருந்திச்சி."

அவன் சொன்னது உண்மைதான். போன தடவையும் இதையே சொன்னான். அப்போது இரத்தினசிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது சிரித்தார்.

"மாடு கட்டுற சங்கிலியில கரண்ட் ஓடுதாமோ? நல்ல கதை."

வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஹிஸ்புல்லா சிரித்தவர்களைப் பார்த்தான், பிறகு தன் முதலாளியைப் பார்த்தான். அலியார் கையை நீட்டினார்.

"சாவியத் தா."

பதினொரு வருடமாக அந்த வண்டியை ஓட்டியவன். சாவியைக் கொடுத்தான். இருக்கையில் கிடந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் நடந்தான்.

மறுநாள் காலை இரத்தினசிங்கம் வேலையைத் தொடங்கினார். பின்பலகைச் சங்கிலி கொளுவாமலே தொங்கிக்கொண்டிருந்தது. லைட் சுவிச்சைப் போட்டார். பின் விளக்குகள் மின்மினி அளவுக்கு மங்கி எரிந்தன. பிரேக்கை மிதித்து ஒரு கட்டை வைத்துவிட்டு வந்து பார்த்தார். அந்த மங்கலும் போய், சம்பந்தமே இல்லாத சிக்னல் லைட் இலேசாகச் சிவந்தது. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் வேறு பல்புகளுக்குள்ளால் வழி தேடுகிறது. தளத்தில் முதல் மாதம் வேலை பழகுகிறவனுக்கே தெரிகிற காரியம் இது. இரண்டு தரம் வண்டி வந்தபோதும் அவர் இதைப் பார்க்காமல், பல்பை மாற்றி, பியூஸை மாற்றி, எரிந்ததும் அனுப்பிவிட்டார். இரண்டு தரமும் சங்கிலி கொளுவித்தான் இருந்திருக்க வேண்டும்.

டெஸ்ட் பல்பை எடுத்துப் பிடித்தார். விளக்கு வரைக்கும் கரண்ட் வருகிறது. ஒரு நீள வயரை எடுத்து விளக்கின் இரும்புச் சட்டத்தில் ஒரு முனையையும் வண்டியின் அடிச்சட்டத்தில் மறுமுனையையும் வைத்தார். இரண்டு விளக்கும் பளீரென்று எரிந்தன.

ஏர்த் இல்லை. அவ்வளவுதான்.

சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்தார். இரண்டு மாதத்துக்கு முன் அலியார் துருப்பிடித்த இரும்புப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பலகைப் பெட்டி அடிப்பித்திருந்தார். பலகையில் விளக்கைப் பூட்டினால் ஏர்த்துக்குத் தனி வயர் வேண்டும். அந்த வயரைப் போட்டவர் இரத்தினசிங்கம்தான். வயர் இருந்தது. அடிச்சட்டத்தில் திருகாணி போட்டு இறுக்கியும் இருந்தது. ஆனால் புதிதாகப் பூசிய தடித்த கறுப்புப் பெயின்ரைச் சுரண்டாமல், பெயின்ருக்கு மேலேயே இறுக்கியிருந்தது. அன்றைக்கு மத்தியானம் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற அவசரம். அது இப்போது அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

சங்கிலியைக் கொளுவினால், கொளுக்கி தொடும் விளக்குச் சட்டத்திலிருந்து சங்கிலி வழியாகப் பின்பலகையின் இரும்புப் பிணைச்சலுக்கும், பிணைச்சலிலிருந்து அடிச்சட்டத்துக்கும் கரண்ட் போயிருக்கிறது. ஹிஸ்புல்லா சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் சரி.

இன்னொன்றையும் கண்டார். வயர்கள் எல்லாம் மெழுகு நூலால், கப்பலில் கட்டுவது மாதிரி, விரலிடை விட்டு விட்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தன. ஊரில் வேறு ஒருவரும் அப்படிக் கட்டுவதில்லை. ஒரு முடிச்சும் கலையவில்லை. ஒருத்தரும் கை வைக்கவில்லை. நேற்று ஒரு தரம் குனிந்திருந்தால் போதும்.

பெயின்ரைச் சுரண்டி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, இறுக்க ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆனால் வெளியே வர மனம் வராமல் கனநேரம் கீழேயே கிடந்தார்.

பின்னேரம் அலியார் வந்தார். லைட்டைப் போட்டுப் பார்த்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். எல்லாம் எரிந்தது.

"என்ன பிழை இருந்திச்சி பாஸ்?"

"வயர் ஒண்டு தொடாமல் கிடந்தது."

"கழட்டி வைச்சிருக்கான், அப்பிடித்தானே?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். இரத்தினசிங்கம் சவர்க்காரத்தை எடுத்துக் கையைக் கழுவத் தொடங்கினார். "அதை இனிக் கதைச்சு என்ன முதலாளி. இனிப் பிரச்சினை வராது."

அலியார் அவர் தோளில் தட்டினார். "ஆளக் காட்டிக் குடுக்க உங்களுக்கு மனமில்ல. பெரிய மனிசன் பாஸ் நீங்க." தேத்தண்ணிக் கடைக்குக் கேட்கவே சொன்னார்.

அந்தப் புகழ்ச்சி அவரைத் தின்றது. சாப்பாட்டில் கை வைத்தால் சோறு இறங்கவில்லை. "காய்ச்சலோ?" என்று மனைவி புஷ்பவதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினார். அவளுக்கும் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று கிழமை போயிருக்கும். சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவரை ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்து கூப்பிட்டாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பாஸ், நான் றம்ஸியா. ஹிஸ்புல்லாட பெண்சாதி."

இரத்தினசிங்கம் மரக்கறிப் பையைக் கடைப் பலகையில் வைத்தார்.

"அவருக்கு ஒருத்தரும் வண்டி குடுக்கிறாங்க இல்ல பாஸ். வயர அறுத்தவன் எண்டு பேராப் போச்சி. களப்புத் தண்ணிக்குள்ள நாள் முழுக்க நிண்டு மட்டி பொறுக்குறார். நீங்க ஒருக்கா முதலாளிக்கிட்டச் சொன்னாக் கேப்பார்."

"என்ன சொல்ல?"

"பிழையப் பொறுத்து வேலைக்கு எடுக்கச் சொல்லி. எனக்கிட்டயும் தொடல்ல எண்டுதான் சொல்றார். எனக்கென்ன தெரியும்? உங்களப்போல தெரிஞ்ச ஆக்கள் சொல்லக்குள்ள அதில ஏதும் இருக்கும்தானே. மனிசன்தானே பாஸ், சறுக்கியிருப்பார்."

கட்டின பெண்சாதியே அவனை நம்பவில்லை. இரத்தினசிங்கம் "சொல்லுறன் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்கின மரக்கறியைக் கடையிலேயே மறந்துவிட்டு நடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் துறைக்குப் போய், வாகனங்களோடு ஆட்களையும் ஏற்றிக் கடத்துகிற 'பாதை' என்கிற மிதவையில் கிண்ணியாவுக்குக் கடந்தார். ஜும்ஆ முடிந்து மரக்காலையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தார். அவனை அவமானப்படுத்தியது நாலுபேருக்கு முன்னால். இதைத் தனியாகச் சொன்னால் என்ன நியாயம்?

"முதலாளி, ஹிஸ்புல்லா ஒண்டும் செய்யேல்லை. ஏர்த் வயரைப் பிழையாப் பூட்டினது நான். பெயின்ரைச் சுரண்டாமல் விட்டனான். அடுத்த நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்களுக்கு மறைச்சனான்."

அலியார் முகத்தில் முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் இறங்கிவிட்டது.

"உங்கட ஒரு கதைய நம்பி நான் அவனச் சந்தியில நிப்பாட்டினன் பாஸ்," என்றார். "நானும் விசாரிக்கல்ல."

ஆள் அனுப்பினார்கள். ஹிஸ்புல்லா முழங்கால்வரை சேற்றோடு வந்தான். களப்புத் தண்ணியில் ஊறிய விரல்கள் வெளிறித் தோல் உரிந்திருந்தன. நடந்ததை அலியாரே எடுத்துச் சொல்லி, வேலைக்கு வரச் சொன்னார். "வீட்ட கேட்டுட்டுச் சொல்றன் முதலாளி," என்றான் அவன். இரத்தினசிங்கம் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றும் வெளியே வரவில்லை. ஹிஸ்புல்லா அவரைப் பார்க்கவுமில்லை.

பத்து நாளில் அவன் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டார். ஆனால் பிக்கப் கராஜுக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் துறைமுக வீதியால் போகும். கராஜைக் கடக்கும்போது அவன் நேரே றோட்டைத்தான் பார்ப்பான். கப்பலுக்கு லைட் போட்ட ஆள் என்ற கதையும் தேத்தண்ணிக் கடையில் நின்றுபோயிற்று.

மார்கழி மாதம் ஒரு நாள் பின்னேரம் அடைமழை. லிங்கநகரிலுள்ள வீட்டுக்குப் போக பஸ் இல்லாமல் இரத்தினசிங்கம் ஒரு கடை ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றார். பிக்கப் அவரைக் கடந்து போய், கொஞ்சத் தூரத்தில் நின்று, பின்னுக்கு வந்தது. உள்ளிருந்து கதவு திறந்தது.

"ஏறுங்க."

ஏறினார். மழை கண்ணாடியில் அடித்தது. சந்தி தாண்டினபிறகு இரத்தினசிங்கம் ஒருமாதிரித் துணிந்தார்.

"ஹிஸ்புல்லா, நான் உனக்குச் செய்தது பெரிய அநியாயம். அண்டைக்கே உன்னட்டக் கேட்டிருக்கோணும். என்னை மன்னிச்சுக்கொள்."

ஹிஸ்புல்லா கியரை மாற்றினான்.

"றம்ஸியா இன்னும் சில நேரம் என்னய ஒரு மாதிரிப் பாக்கிறா பாஸ்," என்றான். அவன் குரலில் கோபமில்லை. "உங்கட வீடு எந்தப் பக்கம்?"

இரத்தினசிங்கம் ஒழுங்கையைக் காட்டினார். வாசல்வரை கொண்டுவந்து விட்டான். இறங்கிக் கதவைச் சாத்தியவர், அவனை உள்ளே வரச்சொல்லாமலே மழைக்குள் அப்படியே நின்றார். புஷ்பவதி குடையோடு ஓடிவந்து "ஏன் நனையிறியள்?" என்று கேட்டபோதுதான், நாலு மாதமாக அவளுக்கு மறைத்ததைச் சொல்லத் தொடங்கினார்.