அவங்க பணத்துலயே குடுங்க

"உங்க உதவித்தொகை வந்திருக்கும்மா," என்றார் பல்கலைக்கழக நிதிப் பிரிவின் எழுத்தர். சொன்ன முகத்தில் வாழ்த்துச் சொல்லும் களையே இல்லை. "உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணி குடிச்சுட்டுக் கேக்கற மாதிரி விஷயமா சார்?"

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அயல்நாடு ஒன்றின் பணம், சுற்றிலும் எல்லார் பணமும் ஆடினாலும் தான் மட்டும் ஏன் அசையாமல் நிற்கிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அங்கே ஓராண்டு தங்கிச் சந்தை சந்தையாக, வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். உதவித்தொகை இல்லையென்றால் பயணம் இல்லை. பயணம் இல்லையென்றால் பட்டமும் இல்லை.

திரையில் தொகை அந்த நாட்டுப் பணத்தில் இருந்தது. ஒரு சைபர்கூடக் குறையவில்லை. பக்கத்திலேயே நம் பணத்தில் அதன் இன்றைய மதிப்பு.

"இது மாச வாடகைக்கா சார்?"

"மொத்தமே இதுதாம்மா."

"விமான டிக்கெட்?"

"அதுவும் இதுக்குள்ளதான்."

"போன மாசம் நல்லா இருந்துச்சே..."

"போன மாசம் எல்லாமே நல்லா இருந்துச்சு. இப்ப அந்த ஊர்ப் பணம் மாடிப்படியில பாத்திரம் உருளற மாதிரி உருண்டுக்கிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நாள் தவறாமல் செய்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் செய்தி வேறு, தன் உதவித்தொகை வேறு என்று ஏதோ ஓர் அசட்டு நம்பிக்கை.

"நம்ம பணத்துல மாத்திக் குடுத்துடுங்களேன் சார்."

"அதத்தான் நேர்காணல்ல கேட்டாங்களேம்மா!"

கேட்டார்கள்தான். உதவித்தொகையை எந்த நாட்டுப் பணத்தில் முடிவு செய்வது என்பதை மாணவரே சொல்லலாம், சொன்னபின் மாற்ற முடியாது என்று விதி. மற்றவர்கள் எல்லாரும் யோசிக்காமல் நம் பணம் என்றார்கள். இவள் ஒருத்திதான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அவங்க பணத்துலயே குடுங்க சார். அது அசையாதுன்னுதான் என் ஆய்வே. நானே நம்பலைன்னா வேற யாரு நம்புவாங்க?" என்றாள். தேர்வுக் குழுத் தலைவர் மேசையைத் தட்டி, "இது பதில்!" என்றார்.

"அன்னிக்கு நானும் கை தட்டினேன்மா," என்றார் எழுத்தர், ஏதோ குற்றத்தில் பங்கு கேட்பவர் போல.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா?"

"மறுபடி விண்ணப்பிக்க முடியாது."

"வாங்கிக்கிட்டா?"

"இந்த வருஷம் முடியறதுக்குள்ள கிளம்பியாகணும்."

"எதுல சார் கிளம்பறது? நடந்தா?"

அவர் திரையை மெல்லத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

ஆய்வு நெறியாளரின் அறைக்குப் போனாள். அவர் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

"அடடா, எப்பேர்ப்பட்ட சந்தர்ப்பம்! 'ஏன் அசையலை'ன்னு இருக்கற தலைப்பை 'ஏன் விழுந்துச்சு'ன்னு மாத்திடு. உலகமே உன் ஆய்வுக்குக் காத்துக்கிட்டிருக்கும்."

"அதுக்கு அங்க போகணுமே சார்."

"கண்டிப்பா போகணும். இப்பப் போகாம எப்பப் போறது?"

"போறதுக்குப் பணம்?"

"அதான் உதவித்தொகை இருக்கே."

"விழுந்தது அந்தப் பணம்தான் சார்."

"ஆமாமில்ல," என்று உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் துடைத்தார். துடைத்து முடித்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தவர் போலிருந்தது. அவளே எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

"ஏன்டி, எவன் ஊர்ப் பணமோ விழுந்தா உனக்கு ஏன்டி குடுக்க மாட்டேங்கறாங்க?"

"குடுத்துட்டாங்கம்மா. அதான் பிரச்சினை."

"டாக்டரம்மா," என்றாள் அண்ணி. பட்டம் வருவதற்கு முன்பே அவள் கொடுத்துவிட்ட பட்டம் அது. "என் கல்யாணத்தப்ப எங்கண்ணன் ரயில்ல இடம் பிடிச்சு வைக்கறேன்னு சொன்னதைக்கூட நீங்க நம்பலை. ஒரு நாட்டையே நம்பிட்டீங்களே!"

"அண்ணி, சும்மா இருங்க."

"சரி, என் வளையலை அடகு வெச்சா?"

"போறதுக்கு மட்டும்தான் ஆகும். தங்கறதுக்கு, திரும்பறதுக்கு?"

"திரும்பவே வேணாம். அங்கயே ஒரு மாப்பிள்ளையப் பாத்துக்கங்க."

அண்ணி சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்துவிட்டு வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

"ரூம் குடுக்கறேன்னாங்களே, அந்த வீட்டம்மா," என்றாள் அம்மா. "அவங்ககிட்டயாவது வரலைன்னு சொல்லிடு. பாவம், காத்துக்கிட்டிருப்பாங்க."

அந்த நாட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஒற்றை மனுஷி அவர். வாரம் தவறாமல் செல்போன் திரையில் வந்து தன் வீட்டுச் செலவையெல்லாம் இவளுக்குச் சொல்லி, இவள் உச்சரிப்பையும் திருத்தி, அவர்கள் மொழியைப் பேச வைத்தவர்.

"மகளே!" என்றார் திரைக்கு வந்ததும். "ரூமுக்கு வெள்ளை அடிச்சாச்சு."

"என்னால வர முடியாது போலிருக்கும்மா. பணம் பத்தலை."

"வாடகையா? யாரு கேட்டா உன்னை?"

"டிக்கெட்டுக்கே பத்தலைம்மா."

அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பின்னால் தையல் இயந்திரத்தின் மேல் ஒரு துணி பாதி தைத்தபடி கிடந்தது.

"அப்போ, நீ வந்ததும் கேக்கலாம்னு இருந்ததை இப்பவே கேட்டுடறேன். போன வருஷம் என் தம்பி, பாங்க்ல இருக்கறதை எடுத்துத் தங்கம் வாங்கிடுன்னான். நான் உன்கிட்டதான் கேட்டேன். எங்க ஊர்ப் பணம் அசையாது, பாங்க்லயே இருக்கட்டும்னு சொன்னே."

"சொன்னேன்."

"குத்தம் சொல்லலை மகளே. யாருக்குத் தெரியும்? இப்ப பாங்க்ல கொஞ்சம் எடுத்துக்கலாம்னு விட்டிருக்காங்க. தெரு முழுக்க வரிசை. எடுத்துடவா? இல்ல, மறுபடி ஏறுமா? நீ இதையேதானே படிக்கறே, சொல்லு."

படித்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஒன்றாவது அந்த வரிசையில் போய் நிற்பவருக்கு உதவுமா என்று தேடினாள்.

"தெரியலைம்மா."

"யோசிச்சே சொல்லு. அவசரமில்ல. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி காத்திருந்தார். அந்த மொழி புரியாத அம்மா சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "என்னடி கேக்கறாங்க?" என்றாள்.

"எப்ப வரேன்னு கேக்கறாங்கம்மா," என்றாள் அவள்.