எல்லைக்கல்லுக்குப் பட்டு

மலர்க்கொடியின் மனையில் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா என்று மலர்க்கொடிக்கே பத்திரிகை வைக்க வந்திருந்தார் ஞானசேகரன். அவள் கணவனின் அண்ணன். பக்கத்தில் தாம்பாளத்தை ஏந்தியபடி அவர் மனைவி பவானி நின்றாள்.

"மாமா, அது எம்பேருல இருக்குற எடம்."

"யாரு இல்லேன்னா? பேரு உம்பேராவே இருக்கட்டும். நாங்க இருந்துக்குறோம்" என்றார் அவர், பெருந்தன்மையாக. "கட்டாயம் வந்துடு. பால் காய்ச்சுறப்ப மட்டும் வெளிய நின்னுக்க. தாலி இல்லாதவ உள்ள இருந்தா நல்லாருக்காது."

சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் சாலையில் அவள் கணவன் செந்தமிழ்செல்வன் வாங்கி அவள் பெயரில் பதிந்த மனை அது. அவன் இறந்ததும் அவள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்துப் பிழைத்தாள். ஞானசேகரன் மனையில் முதலில் மாடு கட்டினார். பிறகு மாட்டுக்குக் கொட்டகை போட்டார். கொட்டகைக்குக் காவல் வேண்டுமென்று வீடு எழுப்பினார். அவள் வந்து கேட்டபோதெல்லாம், "ஆம்பள இல்லாத சொத்து நாதியத்துப் போயிடக்கூடாதுல்ல" என்றார். தெருவே அவரைத் தியாகி என்றது.

பத்திரிகை வந்த மறுநாளே அவள் போன காவல் நிலையத்தில், குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேசப் போனால் அவள் மனையில் நின்ற தென்னை மரத்து இளநீரையே வெட்டிக் கொடுத்து அனுப்பினார் ஞானசேகரன். கடைசியில் வக்கீல் அருள்மொழியிடம் போனாள்.

"பத்திரம், பட்டா ரெண்டும் உங்க பேருல இருக்கு. எடம் உங்களுதுன்னு அறிவிக்கணும், காலி பண்ணி ஒப்படைக்கணும்னு சிவில் கேஸ் போடுவோம். அவரு வேற யாருக்கும் வித்துடாம தடை உத்தரவும் கேப்போம். இப்படியே வருசக்கணக்கா உட்டீங்கன்னா அனுபவ பாத்தியம், எனக்கே சொந்தம்னு வந்து நிப்பாரு" என்றாள் அருள்மொழி.

ஞானசேகரனின் பதில் மனுவில், அது தன் மனை என்றும், மலர்க்கொடிக்குச் சொந்தமானது பக்கத்தில் இருக்கும் குளம் என்றும் இருந்தது. அளந்து பார்க்க நீதிமன்றம் ஒரு வக்கீலை ஆணையராக நியமித்து, சர்வேயர் ராஜாமணியோடு அனுப்பியது.

எல்லைக்கல்லைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் பூஜை அறையில் கண்டுபிடித்தார்கள். கல் நட்ட இடத்திலேயேதான் இருந்தது. அதைச் சுற்றி அறையைக் கட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பட்டும் சுற்றியிருந்தார்கள். ராஜாமணி சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எங்க குலசாமி. தொடக்கூடாது" என்றார் ஞானசேகரன்.

"கல்லு மேல இருக்குற அம்புக்குறி தெரிஞ்சா போதும், அளந்துடலாம். யாராச்சும் தொடைச்சுக் காட்டுங்க" என்ற ஆணையர், தாமும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

மலர்க்கொடி உள்ளே நுழைந்தாள்.

"மலரு, நீ வரக்கூடாது. தீட்டு."

"எங் கல்லு மாமா."

பட்டை அவிழ்த்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் கரைந்து, சர்க்கார் வெட்டிய அம்புக்குறி தெரிந்தது. ராஜாமணி அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு டேப்பை வைத்தார். மாட்டுத் தொட்டி உட்பட வீடு முழுக்க அவள் மனைக்குள்தான் இருந்தது.

தீர்ப்பு வரச் சில வருடங்கள் ஆயின. அதன் பிறகும் ஞானசேகரன் காலி செய்யாததால் நிறைவேற்று மனு போட வேண்டியிருந்தது. வீட்டைக் காலி செய்விக்க நீதிமன்ற அமீனா வந்த அன்று தெருவே கூடி ஞானசேகரனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "தாலியறுத்தவ சாமியக் கழுவுனா. குடும்பம் தெருவுக்கு வந்துடுச்சு" என்றாள் எதிர்வீட்டுத் தைலம்மாள். மலர்க்கொடி வேலியோரம் நின்றாள். ஜெயித்த சந்தோஷம் வருமென்று நினைத்திருந்தாள். வரவில்லை, கால்தான் வலித்தது.

கடைசியாக ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்த பவானி அவளருகில் நின்றாள். திட்டப்போகிறாள் என்று மலர்க்கொடி காத்திருந்தாள்.

"காட்டுமன்னார்கோயில்ல எங்கப்பா நெலம் முழுக்க எங்கண்ணந்தான் வெச்சிருக்கான்" என்றாள் பவானி மெதுவாக. "பொம்பளைக்கு என்னாத்துக்கு நெலம்னான். நானும் உட்டுட்டேன். அந்த வக்கீலம்மா எந்நேரம் இருப்பாங்க மலரு?"

"சாயந்தரம் இருப்பாங்கக்கா. நானும் கூட வரேன்."

சாமான் ஏற்றிய வண்டியிலிருந்து ஞானசேகரன் அதட்டிக் கூப்பிட்டார்.

"இருங்க, பேசிக்கிட்டிருக்கேன்ல" என்றாள் பவானி, திரும்பிப் பார்க்காமலே.