நாற்பத்தோராம் மரத்துப் பாளை

இருபது வருஷம் கள்ளிறக்கிய கை, மூளையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? தென்னை ஆராய்ச்சித் தோட்டத்தின் நாற்பத்தோராம் மரத்தில் விரியாத பாளையைக் கண்டதும் கோரனின் கை அதை இறுக்கிக் கட்டி, தட்டி, நுனியையும் சீவிவிட்டது. சீவிய துண்டு தொடையில் விழுந்தபோதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்தப் பாளை கள்ளுக்கானதல்ல. அது வெடித்ததும் ஆண்பூக்களைக் கிள்ளியெறிந்து, துணிப்பை கட்டி, மூன்று வாரம் கழித்துப் பெண்பூக்களில் குட்டைமரத்து மகரந்தத்தைத் தடவ வேண்டும். நெட்டைமரத்தின் காய்ப்பும் குட்டையின் சீக்கிரம் பூக்கும் அவசரமும் ஒரே கன்றில் சேருமா என்று பார்க்கிற வேலை. கர்க்கடகம் என்கிற ஆடி மாதம் முடிவதற்குள் ஒரு குரும்பையாவது பிடிக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியையே நிறுத்தச் சொல்லி மதராஸிலிருந்து கடிதம் வந்திருந்தது.

மேற்பார்வையாளர் குறுப்பு தலையில் அடித்துக்கொண்டார். "எடா கோரா! சர்க்கார் மரத்துலயே கள்ளிறக்கப் பாத்தியே! உன்னக் கூட்டிட்டு வந்த என்னைச் சொல்லணும்."

"என்னையே சொல்லுங்க எஜமானே. ஆனா அடுத்த பாளையயும் நான்தான் தொடுவேன்."

"அது பூக்கிறப்போ எடவப்பாதிப் பருவமழை கொட்டும்டா. மகரந்தம் நனைஞ்சா கஞ்சிதான்."

"நனைய விட்டாத்தானே!"

மறுநாளிலிருந்து கத்தியையும் பாளை தட்டும் எலும்பையும் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தான். கள்ளுக்கடையில் சிரித்தார்கள். "மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறானாம், மொதப் பாளையிலேயே தாலிய அறுத்தவன்!" கோரனுக்குச் சுருக்கென்றது. அவமானம் அவனைத் தூங்கவிடவில்லை, அதுவும் நல்லதற்குத்தான்.

அடுத்த பாளை வெடித்தது. பூவைக் கிள்ளினான், பை கட்டினான். பெண்பூ மகரந்தம் ஏற்கும் பக்குவத்துக்கு வந்து நுனியில் தேன் மினுங்கிய அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பாசி பிடித்த மரத்தில் வழுக்கி நெஞ்சுத்தோல் உரிய, ஐந்து நாளும் காலையில் ஏறினான். ஓலைத்தொப்பியைக் குலைக்குமேல் பிடித்துக்கொண்டு, மழையை முதுகில் வாங்கியபடி, ஒவ்வொரு பூவாக மகரந்தம் தடவினான்.

இருபத்திரண்டு பூ. கர்க்கடகம் பாதியில் பத்தொன்பது உதிர்ந்திருந்தன. மூன்று குரும்பைகள் கெட்டியாக நின்றன.

"மூணு இருக்குடா!" கோரன் மேலிருந்து எண்ணிச் சொன்னதும் கீழே குறுப்பு குடையை விட்டெறிந்துவிட்டுக் குதித்தார். "போதும், மதராஸ் வாய மூட இது போதும்! எறங்கி வா, சாயா வாங்கித் தரேன்."

கோரன் இறங்கினான். மரமேறக் காலில் மாட்டிய தளையைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே பக்கத்து மரத்தை நோக்கி நடந்தான்.

"மதராஸுக்குப் போதும் எஜமானே," என்றான். "எனக்குப் போதாது."