ஓடிக்கொண்டிருந்த லிஃப்டில் தொங்கிய பலகை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என் கற்பனையைப் பாராட்டிச் சங்கடப்படுத்த வேண்டாம்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி மெக்கானிக் வந்தார். ஒரே நாளில் ஓட வைத்துவிட்டார். ஆனால் 'பழுது, உபயோகிக்க வேண்டாம்' என்ற பலகை மட்டும் அந்த வாரம் முழுக்கக் கதவில் தொங்கியது. உள்ளே அவரும் சில மணல் மூட்டைகளும் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தார்கள். மேல்மாடிக்காரர் காய்கறிப் பையோடு படியேறி, மூச்சு வாங்கக் கத்தினார்.

"மூட்டைய ஏத்துறீங்க, மனுஷன ஏத்தக் கூடாதா?"

மெக்கானிக் அசைந்து கொடுக்கவில்லை. "முழு எடையும் வெச்சு ஓட்டிப் பாக்காம பலகையக் கழட்ட மாட்டேன் சார். நடுவுல நின்னுடுச்சுன்னா, நம்பி ஏறினவங்கதானே மாட்டிக்குவாங்க."

பலகையைக் கழற்றிய அன்று என் வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார். குடித்த பிறகும் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"நீங்க கதை எழுதுறவராமே. என் வீட்டுல உங்க கதை ஒண்ணையும் விட மாட்டாங்க. ஒரு கதை எழுதித் தரணும் சார். அவங்க படிச்சா புரிஞ்சுக்கிற மாதிரி."

"என்ன கதை?"

"எனக்கு ஆபரேஷன் ஆச்சு. புராஸ்டேட்ல புற்றுநோய். அது போயிடுச்சு." காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கூடவே இன்னொண்ணும் போயிடுச்சு."

2

முதல் தொடக்கம்: 'அவர் உயிர் பிழைத்தார். அதற்கு விலையாக' – வேண்டாம். உயிரை வைத்துத் தொடங்கினால் மற்றதெல்லாம் அற்பமாகிவிடும். "உசுரு பொழைச்சதே பெருசு, இந்த வயசுல இதுக்குப் போய்க் கவலப்படுறியா?" என்று அவருடைய அண்ணன் கேட்டாராம். அந்த அண்ணனுக்கு இந்தக் கதையில் இனி இடம் கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: 'ஆண்மை என்று நாம் எதைச்' – கட்டுரை வாடை. கிழித்தேன்.

மூன்றாவதில், அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்று தொழிலை மாற்றி, ரொட்டி சுடுகிறவராக்கினேன். [மாவு பொங்கி உப்புவதைப் பற்றி எழுதும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது.] மறுபடி லிஃப்டுக்கே வந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும், மெக்கானிக். அந்தப் பலகை இல்லாமல் நீங்கள் செய்த தப்பு யாருக்கும் புரியாது.

3

நடந்தது இதுதான். அறுவை சிகிச்சை முடிந்து குழாயை எடுத்த பிறகு, சிறுநீர் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தும்மினால் போச்சு. குழாய்ப் பையைக் கழுவியதும், பிறகு நனைந்த துணிகளை மாற்றியதும் மனைவிதான். "உன் தூக்கம் கெடுது" என்று சொல்லி அவர் கூடத்துச் சோபாவுக்குப் போனார். நியாயமான காரணம். பிறகு கசிவு நின்றது. அவர் அறைக்குத் திரும்பவில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

"திரும்பிப் போனா வாக்குக் குடுக்கிற மாதிரி ஆயிடும் சார். சரியாயிட்டேன்னு அர்த்தம். நான்தான் சரியாகலையே."

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார். எழுச்சிக்கான நரம்புகளைக் காப்பாற்றியிருக்கிறோம், அவை தேற ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம், பழையபடி ஆகும் என்று சத்தியம் செய்ய முடியாது, மாத்திரை, ரத்தத்தை இழுத்து எழுப்பும் கைப்பம்பு, ஊசி என்று வழிகள் உண்டு, சீக்கிரம் தொடங்குவது நல்லது, அடுத்த முறை மனைவியையும் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு முறையும் நம் ஆள் "அவங்க ஊர்ல இல்ல டாக்டர்" என்றார். அவங்க பக்கத்துத் தெரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலையாக இருந்தாங்க.

பம்பை நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி குளியலறையில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் பழகினார். சில நாள் கொஞ்சம் பலன் இருந்தது. சில நாள் ஒன்றுமில்லை. "முழுசா வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்." [நான் குளியலறைக்குள் போகவில்லை. வாசகரும் வெளியே நிற்பதுதான் மரியாதை.]*

* ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒருநாள், எழுச்சி பாதிகூட இல்லாதபோதே, அந்தப் பழைய சுகம் அவருக்கு வந்துவிட்டது. விந்து இல்லை, அது இனி வராது. ஆனால் சுகம் அப்படியே இருந்தது. நர்ஸ் முன்பே சொல்லியிருந்தும் அவர் நம்பியிருக்கவில்லை. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்ததாம். சொல்லக்கூடிய ஒரே ஆள் கதவுக்கு வெளியே நின்று, "எவ்ளோ நேரங்க, வெந்நீர் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "வேணாம்" என்றாராம்.

4

மனைவியைப் பற்றி எழுதிய முதல் பிரதியில் அந்த அம்மாள் பக்கத்துக்குப் பக்கம் அழுதார். மெக்கானிக் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது அவ இல்ல சார். அவ அழ மாட்டா. 'இவ்ளோ நாளா வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீங்க?'ன்னு கேப்பா."

எனவே கண்ணாடிக் கடைக்குப் போனேன். அந்த அம்மாள் கனமான சோதனைச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். "இது தெளிவா இருக்கா சார், இல்ல... இதுவா?" சீட்டில் என் பெயரைப் பார்த்ததும் சிரித்தார். "உங்க கதையில பொம்பளைங்க ரொம்பத்தான் அழுறாங்க."

வீட்டில் வேறு யாரும் படிப்பார்களா என்று, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"முன்னல்லாம் படுத்துக்கிட்டே அவருக்கு வாசிச்சுக் காட்டுவேன். பாதியிலயே தூங்கிடுவாரு." இன்னொரு வில்லையைச் செருகினார். "இப்ப அவரு கூடத்துல படுக்கிறாரு. உடம்பு சரியில்லாம இருந்தாரு இல்ல, ஈரம், நாத்தம், எல்லாத்தையும் பாத்தவ நான். என் மூஞ்சியப் பாத்தா அவருக்கு அதெல்லாம்தான் ஞாபகம் வரும்போல. இது தெளிவா இருக்கா சார்?"

எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினேன். [முன்பின் தெரியாதவனிடம் ஒரு பெண் இதைச் சொல்வாளா என்று நீங்கள் கேட்கலாம். சோதனைச் சட்டத்துக்குப் பின்னால் என் முகம் பாதி மறைந்திருந்தது. அது உதவியிருக்கலாம்.]

5

இரண்டு பேர் தரப்பும் இப்போது என் கையில். மனுஷனாக இருந்தால் உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டிருப்பான். நான் எழுத்தாளன். முடிவுகளைச் செதுக்க உட்கார்ந்தேன்.

ஒரு முடிவில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. டாக்டரே தராத வாக்கை நான் எப்படித் தருவது? இன்னொன்றில் எதுவும் திரும்பவில்லை. இருவரும் கைகோத்து மழையைப் பார்க்கிறார்கள். மழையை அடித்தேன். மழை போனதும் அந்த முடிவில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாவதில், இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போகிறார்கள். மாத்திரை கொஞ்சம், ஊசி கொஞ்சம், சொதப்பல் கொஞ்சம், நடுநடுவே சிரிப்பு. நடக்கக்கூடியது இதுதான். ஆனால் கதையாக நிற்க மாட்டேன் என்கிறது, அதனால் –

அப்போது அவரே போன் செய்தார். "கதை எந்த அளவுல இருக்கு சார்?"

"ஓடுது. இன்னும் கொஞ்சம் சரிபாக்கணும். முழுசா வந்ததும் குடுத்துடுறேன்."

"நல்லா ஓட்டிப் பாத்துட்டே குடுங்க சார். அவசரமில்ல."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவசரமில்லையாம்! ஒருத்தர் கூடத்தில், ஒருத்தர் அறையில். டாக்டர் சீக்கிரம் தொடங்கச் சொன்ன மாதங்கள் போயே போய்விட்டன. நரம்புக்காவது இன்னும் காலம் இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டிய அத்தனை நாளையும் எந்த ஊசி திருப்பித் தரும்? எனக்குத் தாங்கவில்லை.

6

எனவே இதை இப்படியே கொடுக்கப் போகிறேன். நாளைக்கு அவரை வரச்சொல்லியிருக்கிறேன். தாள்களைப் புரட்டிப் பார்த்து, "முடிவு இல்லையே சார்" என்பார்.

"இல்ல. இங்க படிக்காதீங்க. அவங்க கையிலயும் குடுக்காதீங்க. அறைக்குள்ள போய், கட்டில்ல உக்காந்து, நீங்களே வாசிச்சுக் காட்டுங்க."

"எனக்கு வாசிக்கல்லாம் வராது சார். நடுவுல நின்னுட்டா?"

"நிக்கட்டும். உள்ள நீங்க ரெண்டு பேர்தானே இருப்பீங்க."

7

அம்மா, இந்த வரி உங்கள் காதில் விழுகிறதென்றால் அவர் இவ்வளவு தூரம் வந்துவிட்டார். மூன்றாம் பகுதியில் திணறியிருப்பார். நான்காம் பகுதியில் நீங்கள் கடையில் சொன்னது அவருக்கே புதிது. அங்கே நடுவில் நின்றிருப்பார். எந்த முடிவு தெளிவாக இருக்கிறது, இதுவா அதுவா என்று அவரிடம் கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர் நீங்கள். ஒன்றும் தெளிவாக இல்லை என்று அவர் சொன்னால், அதையும் நம்புங்கள்.

நீங்கள் வேறு யாரோ ஒரு வாசகர் என்றால், என்னோடு வெளியே வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு வருவோம்.

அம்மா, முடிவைக் கேட்டு அவரைப் பார்க்காதீர்கள். சும்மா பாருங்கள். இதற்குமேல் அவர் கையில் தாள் இல்லை.