வாக்குத்தத்த அட்டையும் ஷேர் ஆட்டோவும்

நாற்பத்தொரு வயதில், நிரந்தர வேலையில் இருக்கிற கணக்கு வாத்தியார் ஓர் அட்டையை நம்பி ஊரை விட்டுக் கிளம்பினால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். நாசரேத் பக்கத்தில் எட்மண்டின் ஊரிலும் சிரித்தார்கள்.

புத்தாண்டு ஆராதனையில் வேதக்கோயிலில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுத்தால், அதிலுள்ள வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அவருக்குச் சொல்லும் வார்த்தை. எட்மண்ட் அன்று காய்ச்சலில் கிடந்தார். தங்கை ஹில்டாதான் அவருக்கும் தம்பி ஸ்டெபினுக்கும் சேர்த்து எடுத்து வந்தாள். இவர் கைக்கு வந்தது, இருக்கும் இடத்தை விட்டுப் புறப்படச் சொல்லும் வசனம்; போகவேண்டிய இடம் காட்டப்படுமாம். பதினெட்டு வருஷமாக ஒரே கரும்பலகையில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு, இதற்காகவா பிறந்தோம் என்று புழுங்கிய மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். எழும்பூருக்குத்தான் டிக்கெட். தாம்பரத்தில் பாதிப் பெட்டி மூட்டை முடிச்சோடு இறங்கியதைப் பார்த்து, இதுதான் அந்த இடமோ என்று இவரும் இறங்கிவிட்டார். அங்கே தினமும் பாதிப் பெட்டி இறங்கும் என்று அவருக்கு யார் சொல்வது!

மாடம்பாக்கத்தில் ஓர் அறை, கிழக்குத் தாம்பரத்தில் டியூஷன் சென்டர் வேலை. இரண்டுக்கும் நடுவே மாரியின் ஷேர் ஆட்டோ. மாரிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கோயில் குளம் என்று எதற்கும் போகாதவன். தினமும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரும் ஆளின் வாயை ஒருநாள் கிளறினான். கதையைக் கேட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரை சிரித்தான். ஆனால் மறுநாளே அந்த வியாதி அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

"இன்னா சார், எதுனா காட்டிச்சா?"

"இன்னும் இல்ல மாரி."

"நானும் பாத்துகினுதான் கீறேன்."

மார்ச் மாதத்தில் அருள்மேரி என்ற அம்மாள் வண்டியிலேயே மயங்கிச் சரிந்தார். எட்மண்ட் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார். "இதுக்குத்தான் சார் உன்னை அனுப்பிச்சி கீது!" என்று மாரி வண்டியை நிறுத்திக் கத்தினான். கண் விழித்த அம்மாளோ, தவக்காலத்து ஒருசந்தி, காலையிலிருந்து சாப்பிடவில்லை, வேறொன்றும் இல்லை, நேரமாகிறது வண்டியை எடு என்றார். இருவருக்கும் முகம் விழுந்துவிட்டது. அப்புறம் டீக்கடையில் அதை நினைத்து எட்மண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். ஊரில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஹில்டா போன் செய்தாள். விடுப்பு முடிகிறது, திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும் என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. யாருக்கு எதுன்னு பின்னால பென்சில்ல பேரு எழுதித்தான் கொண்டாந்தேன். குடுக்கும்போது மாத்திக் குடுத்துட்டேன். நேத்து ஸ்டெபின் பைபிள்ல இருந்து அட்டை கீழ விழுந்துச்சு. பின்னால ஒங்க பேரு இருக்கு."

"அதுல என்ன வசனம்?"

"இருக்க எடத்துலயே நிலைச்சிருக்கச் சொல்லுது."

எட்மண்ட் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துத் திருப்பினார். காய்ந்த பசைக்கு நடுவே மங்கலாக ஸ்டெபின் என்று இருந்தது. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆண்டவர் கூப்பிட்டது தம்பியை. கிளம்பி வந்தது இவர். அப்படியானால் இந்த ஐந்து மாதமாகத் தாம்பரத்தில் யாருடைய வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்தார்? திரும்பிப் போனால் தப்பு சரியாகிவிடுமா? அந்தத் தப்பையே ஆண்டவர்தான் செய்ய வைத்தாரா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. கடைசியில் வேலை போய்விடுமே என்ற பயம் ஜெயித்தது. பெட்டியைக் கட்டினார்.

ஞாயிறு மாலை ரயிலைப் பிடிக்க மாரியின் வண்டியில் ஏறி, எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். கேம்ப் ரோடு தாண்டியதும் அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"அப்ப அஞ்சு மாசமா நான் உன் தம்பிகூடவா சார் சுத்திகினு இருந்தேன்?"

"அப்படி இல்ல மாரி..."

"நீ வர்றதுக்கு முன்னாடி எனக்கு இந்தப் பேஜாரே இல்ல. சவாரி, சோறு, தூக்கம். அவ்ளோதான். இப்ப காலைல வண்டிய எடுக்க சொல்லோ தோணுது, நாம எதுக்குடா கீறோம்னு. வூட்ல கேட்டா லூசான்றாங்க. உன்னாண்டதான் கேக்க முடியும். அட்டை மாறிப்போச்சுன்னு நீ பாட்டுக்குக் கெளம்பிட்டா, நான் எங்க சார் போவேன்?"

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "யோவ், உங்க பஞ்சாயத்த அப்பால வெச்சுக்கங்க. வண்டி போவுமா, போவாதா?"

எட்மண்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காட்டப்படும் என்றது இதைத்தானா? அப்படியே இருந்தாலும் ஸ்டெபினுக்கு அல்லவா காட்டியிருக்க வேண்டும்? ஒன்றும் விளங்கவில்லை. மாரியை இப்படி நடுரோட்டில் விட்டுவிட்டுப் போக மட்டும் மனசு வரவில்லை. போனை எடுத்தார்.

"ஹில்டா, நான் வரல. பள்ளிக்கூடத்துல சொல்லிரு."

"அண்ணே! அது ஒங்களுக்கு வந்த அட்டையே இல்ல. ஆண்டவர் ஒங்கள அனுப்பவே இல்லண்ணே."

"தெரியும்மா," என்றார் எட்மண்ட். "அன்னைக்குப் போகச் சொல்லிருக்குன்னு நெனச்சு வந்தேன். இப்ப யாரும் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் இருக்கேன்."