ஏழு கட்ட மெட்டு

எங்கள் இசைக்குழுத் தலைவன் ரொஹேலியோ தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஒத்திகைக்கு வந்த அன்றுதான் என்னைக் குழுவிலிருந்து தூக்கினான். அதைக்கூட நேராகச் சொல்லவில்லை. "இந்தப் பாட்டுல கிளாவே வேண்டாம் மிரேயா" என்றான். குழுவில் நான் வாசிப்பதே கிளாவே ஒன்றுதான்.

இரண்டு கட்டைகள். ஒரு தாளக் கட்டத்தில் மூன்று அடி, அடுத்த கட்டத்தில் இரண்டு அடி. அவ்வளவுதான். ஆனால் கிடார், ஆர்கன், கொங்கா மேளம் எல்லாமே அந்த ஐந்து அடிக்குள்தான் குடியிருக்க வேண்டும். தப்பான பக்கத்தில் நுழைந்தால் அதற்குக் குறுக்கு என்று பெயர். எங்கள் மிஷன் பகுதியில் ரொட்டி விற்பவளுக்குக்கூட அது கேட்டுவிடும். முகத்தைச் சுளிப்பாள்.

மூன்று வருடமாக எங்களுக்கு ஒரே ஒரு வெற்றிப் பாட்டு. சனிக்கிழமைப் பாட்டு என்பார்கள். போட்டால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ரொஹேலியோவுக்கு அது சலித்துவிட்டது. ஒரு மாதம் மலையில் ஏதோ தியான இல்லத்தில் இருந்துவிட்டு, வரும்போது ஃபில்மோர் பக்கத்து சாக்ஸபோன்காரன் வெண்டலையும் கூட்டிவந்தான். புதுப் பாட்டுக்கு வரிகள் கிடையாது. இருபது நிமிடம், ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி மேலே ஏறும். கேவலமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

அதைத் தாளில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். குழுவில் இசைக்குறிப்பு எழுதத் தெரிந்தது எனக்கு மட்டும். அப்பா காப்பி ஆலையில் மூட்டை தூக்கினார், அம்மா ஓட்டல் சலவையறையில் படுக்கை விரிப்பு மடித்தாள், நான் இசை படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ரொஹேலியோ முனகியதையெல்லாம் எழுதினேன். எழுதும்போதே எண்ணினேன். மெட்டு ஏழு கட்டம், கிளாவே இரண்டு கட்டம்.

"அதான் சொல்றேன், உக்காராது" என்றான் ரொஹேலியோ. "ரெண்டாவது சுத்துல குறுக்க விழுந்துரும்."

"விழட்டும். மூணாவது சுத்துல தானா நேராயிரும். ஏழும் ஏழும் பதினாலு, ரெண்டு ரெண்டா எண்ணினா மிச்சம் விழாது. நான் கட்டையை மாத்தாம பிடிச்சுக்கறேன், மெட்டு போயிட்டுத் திரும்பி வரட்டும்."

கொங்கா வாசிக்கும் மோன்ச்சோ கையெடுத்துக் கும்பிட்டான். "ஏழு கட்டம் முழுக்கக் குறுக்குலயா? அம்மா தாயே, எங்கப்பா போர்ட்டோ ரிக்கோவுல குழியிலேர்ந்து எழுந்து வந்து என் கையை ஒடிப்பாரு."

"வரட்டும். அவருக்கும் எண்ணிக் காட்டறேன்."

"மேளத்துக்கு டிகிரி கிடையாது, டாக்டரம்மா."

"இது தியானம் மிரேயா" என்றான் ரொஹேலியோ, புதிதாகக் கற்றுக்கொண்ட மெல்லிய குரலில். "திறந்து இருக்கணும். கட்டை வந்தா கதவைச் சாத்துன மாதிரி."

"எங்க ஊரு லெயோன்ல எங்கம்மா மாதாவைக் கும்பிடறப்போ தெரு முழுக்கப் பட்டாசு வெடிக்கும். மாதா எந்திரிச்சு ஓடிட்டாளா?"

வெண்டல் மட்டும் சிரித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பத்து நாள் கழித்து டொலோரெஸ் பூங்காவில் இலவசக் கச்சேரி. அதில் எடுபட்டால் அந்தப் பாட்டு இசைத்தட்டில் ஏறும், நான் இல்லாமல்.

நான் போயிருக்கவே கூடாது. "குறிப்புத் தாள் காத்துல பறக்கும், துணி கிளிப் மாட்ட ஒரு ஆள் வேணும்" என்று மோன்ச்சோ கேட்டான். பட்டதாரிக்கு ஏற்ற வேலை. போனேன். கட்டைகள் பின்பாக்கெட்டில் இருந்தன.

ஞாயிறு மதியம், செப்டம்பர் 1972. குன்றிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசைப் புல்லில் அம்மா சலவையறைத் தோழிகளோடு உட்கார்ந்து, சோள மாவில் பன்றிக்கறி வைத்து வாழையிலையில் கட்டி அவித்த நாக்கத்தமால்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ரொஹேலியோவுக்கு ஒன்றை நீட்டினாள்.

"பன்றிக்கறி விட்டுட்டேன் அம்மா."

"அப்ப இலையைச் சாப்பிடு. அதுல பாவம் இல்ல."

கச்சேரி தொடங்கியது. முதல் சுற்று அழகு. வெண்டலின் சாக்ஸபோன் மெல்ல எழுந்தபோது குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாவது சுற்றில் மோன்ச்சோவின் கை தானாகத் தாளத்தைப் புரட்டி மெட்டோடு போனது. பிறந்ததிலிருந்து குறுக்குக்குப் பயந்த கை, அது வேறென்ன செய்யும்? ஆர்கன்காரன் பழைய இடத்திலேயே நின்றான். அடுத்த சுற்றில் ஆர்கன்காரன் புரட்டினான், மோன்ச்சோ நின்றான். ஐந்தாவது நிமிடத்தில் ஆளுக்கொரு தெருவில் இருந்தார்கள். ரொஹேலியோ கண்ணை மூடிக்கொண்டு கிடார் வாசித்தான். அவனுக்கு எல்லாம் ஆகாயம்.

அம்மாவின் தோழி சத்தமாகவே சொன்னாள்: "குறுக்கா இருக்கே." பின்னாலிருந்து "சனிக்கிழமை! சனிக்கிழமை!" என்று கத்தினார்கள். ஒரு காகிதக் கோப்பை மேடையில் வந்து விழுந்தது.

மோன்ச்சோ ரொஹேலியோவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை. வெண்டல் ஒருவன்தான் மெட்டைத் தவறவிடாமல் வைத்திருந்தான். அவன் சாக்ஸபோன் வாய்க்குப் பக்கத்தில் நின்று, மெட்டு தொடங்கும் இடத்துக்குக் காத்திருந்து, மூன்று அடித்தேன். பிறகு இரண்டு.

முதல் சுற்றிலேயே கொங்கா வந்து உட்கார்ந்தது, பின்னால் ஆர்கன். ரொஹேலியோ கண்ணைத் திறந்தான். இரண்டாவது சுற்று தொடங்கியது, மெட்டு குறுக்கே விழுந்தது. அம்மா முகம் புளி தின்றது போல ஆனது.

"மாத்துடி!" என்றான் மோன்ச்சோ.

"மாட்டேன். எண்ணு."

"ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். நாலு. கையைப் புரட்டாத. அஞ்சு."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். ஆறு. ஏழு. மெட்டு சுற்றி வந்து என் மூன்றடிக் கட்டத்தின் மேல் பிசகாமல் இறங்கியது. பூங்கா முழுக்க ஒரு பெருமூச்சு. அம்மா இலையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். வெறும் கைதட்டல் இல்லை. மூன்று, இரண்டு. தோழிகள் சேர்ந்துகொண்டார்கள். மேடு முழுக்கச் சேர்ந்துகொண்டது. அடுத்த முறை மெட்டு குறுக்கே போனபோது யாரும் முகம் சுளிக்கவில்லை, திரும்பி வரும் என்று தெரிந்து காத்திருந்தார்கள். அந்தக் கைகளின் மேல் நின்றுகொண்டு வெண்டல் எங்கெங்கோ ஏறிப் போனான், ரொஹேலியோ பின்னாலேயே போனான். யாரும் ஆடவில்லை. நின்ற இடத்தில் அசைந்தார்கள். சலவையறைப் பெண்கள் சிலர் கண்ணை மூடியிருந்தார்கள். எந்த மலைக்கும் போகாதவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். கட்டை பிசகவில்லை.

இருபது நிமிடம் முப்பத்தைந்து ஆனது.

இறங்கியதும் ரொஹேலியோ வந்தான். வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. "நீ இன்னும் கொஞ்சம் முன்னாடி உள்ள வந்திருக்கலாம்."

"நான் எங்கயும் வரல. கிளாவே வராது. நீங்கதான் வந்தீங்க."

அவன் நெற்றி வேர்வையைச் சட்டைக் கையில் துடைத்தான். பிறகு, மலைக்குப் போவதற்கு முன்பிருந்த குரலில், "சரிடி. இசைத்தட்டுல முதல்லேர்ந்தே வாசி" என்றான்.

"மெட்டு உன்னுது. அந்தப் பதினாலு என்னுது. தாள்ல ரெண்டு பேர் பெயரையும் போடணும்."

"போடு."

தாளிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். மேலே அவன் பெயர் மட்டும் இருந்தது, என் கையெழுத்தில். அதன் பக்கத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சேர்த்து.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான் மோன்ச்சோ. "இன்னும் பெருசா எழுதுடி. எங்கப்பா குழிக்குள்ளேர்ந்து படிக்கணும்ல."