புத்தாண்டுப் படத்தில் வெள்ளை ஆகாது

சீனப் புத்தாண்டு முதல் நாளே படத்துக்குத் தியேட்டர் கிடைத்துவிட்டது என்று தயாரிப்பாளர் பாங் கைமிங் வந்து சொன்னபோது எங்கள் ஹாங்சோ ஸ்டுடியோவே கைதட்டியது. நானும்தான் தட்டினேன், மடச்சி. கையோடு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பண்டிகையும் அதுவுமா குடும்பத்தோட வர்றவங்க, வெள்ளைத் துக்கத்துணியைப் பார்த்தா எந்திரிச்சுப் போயிடுவாங்க. சாவு சீன்ல வெள்ளை ஆகாது. மாத்துங்க."

அந்த சீன்தான் படமே. இயக்குநர் டெங் ஷுயினின் அம்மா ஐம்பத்தொரு வயதில் இறந்தபோது ஊரடங்கு. ஷுயினால் போக முடியவில்லை. மகள் உடுத்த வேண்டிய முரட்டு வெள்ளைச் சணல் உடையை அவள் உடுத்தவேயில்லை. படத்து மகளாவது உடுத்தட்டும் என்றுதான் உயிரைக் கொடுத்து இந்த அனிமேஷனை எடுத்தாள். படத்துக்கு வண்ணம் தீட்டுகிறவள் நான், அந்த வெள்ளையைக் கலந்ததும் நான்தான். பதினேழு தடவை மாற்றி, அவள் கண் கலங்கிய பிறகுதான் விட்டேன்.

"வேற எந்த நிறம் சார் உடுத்துறது? கறுப்பா? நாம என்ன வெளிநாட்டுக்காரங்களா?" என்றாள் ஷுயின்.

"சிவப்பு."

"பெத்தவ செத்ததுக்கா? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

பாங் கோபப்படவில்லை, சிரித்தார். "எண்பது தாண்டிட்டா கல்யாணச் சாவுதானே, சிவப்பு வைக்கலாம்ல? அம்மாவுக்கு வயசைக் கூட்டிடும்மா. வரைஞ்ச முகம்தானே!"

ஒப்பந்தப்படி கடைசி முடிவு அவருடையது. ஷுயின் கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். நான் வேலையை விடுகிறேன் என்றேன். வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்வேன் என்றார். யாரோ ஒருத்தன் அந்த முகத்தில் கை வைப்பதற்கு நானே வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் மகளின் உடையைச் சிவப்பாக்கினேன். பிறகு அம்மா. ஷுயின் தன் அம்மாவின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த முகம் அது. கூந்தலை நரைக்க வைத்தேன், கன்னத்தை ஒட்ட வைத்தேன். ஷுயின் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"எந்திரிச்சுப் போ. நீ பார்க்காதே."

போகவில்லை. "சுருக்கம் இன்னும் போடுக்கா. எண்பது தாண்டுறதுக்கு இது பத்தாது."

போட்டேன். அவள் திரையையே வெகுநேரம் பார்த்தாள்.

"இருந்திருந்தா இப்படித்தான் ஆகியிருப்பாங்களா, அக்கா?"

அவள் அம்மாவை நான் நேரில் பார்த்ததேயில்லை.

"ஆமா, இப்படித்தான்" என்றேன்.